சிப்ஸ் அதிகம் இருப்பவர்தான் ஜெயிப்பாரா? போக்கர் தொடரில் ஸ்டாக் அளவும் வெற்றி வாய்ப்பும்

சேலத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகைத் தொடர்களின் இறுதி மேசைக் காணொளிகளை விடாமல் பார்ப்பவன் நான். ரொம்ப நாளாக இரண்டு கேள்விகள்.

ஒன்று, மேசையில் உள்ள மொத்த சிப்ஸில் (பந்தயம் கட்டும் வில்லைகளில்) பாதி ஒருவரிடம் இருக்கிறது என்றால் அவர் பட்டம் வெல்லும் வாய்ப்பும் பாதிதானா? "பெரிய ஸ்டாக் (கையிருப்பு சிப்ஸ்) வந்துவிட்டால் மற்றவர்களை நசுக்கிவிடலாம்" என்று வர்ணனையாளர்கள் சொல்வதைக் கேட்டால் பாதிக்கும் மேலே என்றுதான் தோன்றுகிறது.

இரண்டாவது, கடைசி மூன்று பேர் சில சமயம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பரிசைப் பேசிப் பிரித்துக்கொள்கிறார்கள். அப்போது சிப்ஸ் விகிதப்படி பிரித்தால் நியாயம்தானே? உதாரணமாக மூவரிடமும் 5,000, 3,000, 2,000 சிப்ஸ். மொத்தப் பரிசு 10,000 டாலர். முதல் பரிசு 5,000, அடுத்தது 3,000, மூன்றாவது 2,000. விளக்கமாகச் சொன்னால் நல்லது.

கணக்குப்பிள்ளை:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. எல்லோரும் சம திறமை உள்ளவர்கள் என்று வைத்துக்கொண்டால், பட்டம் வெல்லும் வாய்ப்பு சிப்ஸ் பங்குக்குச் சமம். பாதி சிப்ஸ் என்றால் பாதி வாய்ப்பு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஏன் என்று பாருங்கள். உங்களிடம் மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு இருக்கிறது. எல்லாவற்றையும் வைத்து ஒரு ஆல் இன். ஜெயித்தால் நாலில் ஒன்று. இன்னொரு முறை ஜெயித்தால் பாதி. மூன்றாவது முறை ஜெயித்தால் எல்லாம் உங்களுடையது. ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் மூன்றும் அடுத்தடுத்து அமைவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு. நீங்கள் தொடங்கிய பங்கும் அதேதான். ஆல் இன் போடாமல் சின்னச் சின்னப் பந்தயமாக நகர்த்தினாலும் விடை மாறாது. சமமான ஆட்டத்தில் ஒவ்வொரு கைக்கும் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது) பிறகு உங்கள் சராசரி சிப்ஸ் அப்படியே இருக்கும். கடைசியில் ஒன்று எல்லாம், இல்லாவிட்டால் பூஜ்ஜியம். சூதாடி ஓட்டாண்டி ஆகும் கணக்கு என்று கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஹாய்கன்ஸும் 1650களிலேயே பிடித்து அலசிய விஷயம் இது.

"எல்லோரும் சம திறமை" என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துவிட்டால் கதை வேறு. அப்புறம் பேசுவோம்.

ஒற்றைச்சிப்:

கணக்குப்பிள்ளை சொல்வது ஏட்டுக்குச் சரி. ஆனால் 1982 உலகப் போக்கர் தொடரின் முக்கிய ஆட்டத்தில் ஜாக் ஸ்ட்ராஸ் என்ன செய்தார்? கையில் இருந்த எல்லாவற்றையும் தள்ளித் தோற்றுவிட்டு எழுந்திருக்கப் போனவர், மேசையில் நாப்கினுக்கு அடியில் ஒரு 500 சிப் கிடப்பதைப் பார்த்தார் என்பார்கள். "ஆல் இன்" என்று வாயால் சொல்லவில்லை என்பதால் தொடர்ந்து ஆட விட்டார்கள். அந்த ஒற்றைச் சிப்பில் இருந்து மற்ற 103 பேரையும் தாண்டிப் பட்டமும் 5,20,000 டாலரும் வாங்கினார். ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும் என்று இன்று வரை ஆட்டக்காரர்கள் சொல்வது அவரை வைத்துத்தான். ஸ்டாக் அளவை விட விடாப்பிடிதான் பெரிது என்பது என் நம்பிக்கை.

கணக்குப்பிள்ளை:

ஸ்ட்ராஸ் கதை எனக்கும் பிடிக்கும். அதையே கணக்காகப் பார்ப்போம். 104 பேர், ஆளுக்கு 10,000 சிப்ஸ், மொத்தம் 10,40,000. அதில் 500 என்பது 2,080ல் ஒரு பங்கு. 500ஐ இரட்டித்துக்கொண்டே போனால் பதினொன்றாவது முறை 10,24,000 வந்து நிற்கும். அதாவது பதினோரு நாணயச் சுண்டலை வரிசையாக ஜெயிப்பதற்குச் சமம். 2,080 பேர் அதே நிலையில் எழாமல் உட்கார்ந்திருந்தால் ஒருவர் ஜெயிப்பார். அந்த ஒருவரின் கதைதான் நாற்பது வருடமாக நம் காதுக்கு வருகிறது. மற்றவர்கள் அடுத்த இரண்டு கையில் எழுந்து போனதை யாரும் எழுதி வைப்பதில்லை.

விடாப்பிடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 500 இருந்தால் 500க்கு உரிய வாய்ப்பு இருக்கிறது, அதை விட்டு எழக் கூடாது. அதைத் தாண்டி ஒன்றும் இல்லை.

நெய்தல்:

பேச்சைக் கொஞ்சம் பதிவுகளுக்குக் கொண்டுவருகிறேன். உலகப் போக்கர் தொடரின் முக்கிய ஆட்டத்தில் 2008 முதல் 2016 வரை ஒரு வழக்கம் இருந்தது. லாஸ் வேகாஸில் ஜூலையில் ஒன்பது பேர் மிஞ்சியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்து இறுதி மேசையை நடத்தினார்கள். "நவம்பர் நைன்" என்று பெயர். அதனால் அந்த ஒன்பது வருடமும் யார் எவ்வளவு சிப்ஸோடு இறுதி மேசைக்கு வந்தார்கள் என்பது ஆட்டத்தைப் பின்தொடர்ந்த எல்லோருக்கும் தெரியும்.

சிப் லீடர்கள், அதாவது அதிக சிப்ஸோடு வந்தவர்கள், கதி என்ன ஆயிற்று? 2008ல் டென்னிஸ் பிலிப்ஸ் மொத்த சிப்ஸில் கிட்டத்தட்ட 19 சதவீதத்தோடு வந்தார், மூன்றாம் இடம். 2009ல் டார்வின் மூன் 30 சதவீதம், இரண்டாம் இடம். 2010ல் ஜோனத்தன் டுஹமெல் அதே 30 சதவீதம், பட்டம். 2011ல் மார்ட்டின் ஸ்டாஷ்கோ, 2012ல் ஜெஸ்ஸி சில்வியா இருவரும் 20 சதவீதத்தை ஒட்டி, இருவருமே இரண்டாம் இடம். 2013ல் ஜே.சி. டிரான் 20, ஐந்தாம் இடம். 2014ல் யோரிட் வான் ஹூஃப் 19, மூன்றாம் இடம். 2015ல் ஜோ மெக்கீஹன் 33, பட்டம். 2016ல் கிளிஃப் ஜோசஃபி 22, மூன்றாம் இடம்.

இந்தச் சதவீதங்களைக் கூட்டினால் 215 சொச்சம் வரும். அதாவது கணக்குப்பிள்ளை சொன்ன விதிப்படி ஒன்பது வருடத்தில் சிப் லீடர் இரண்டு முறை ஜெயித்திருக்க வேண்டும். ஜெயித்ததும் இரண்டு முறை. இன்னொன்றும் கவனியுங்கள்: ஜெயித்த இருவருமே 30 சதவீதம் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தவர்கள். 20ஐ ஒட்டி வந்த ஆறு பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

துறையூர்க்காரி:

நெய்தல், அருமையான தொகுப்பு. ஆனால் ஒன்பது ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மூன்று முறை ஜெயித்திருந்தாலும் ஒரு முறை ஜெயித்திருந்தாலும் அதே விதியோடு ஒத்துத்தான் போயிருக்கும். இரண்டு என்று பொருந்தி வந்தது பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அதே ஒன்பது வருடத்தில் எதிர்ப் பக்கமும் பாருங்கள். 2009ல் ஜெயித்த ஜோ கேடா இறுதி மேசையில் ஒரு கட்டத்தில் சுமார் 23 லட்சம் சிப்ஸுக்கு இறங்கிவிட்டார். மேசையில் மொத்தம் 19.48 கோடி. அதாவது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே. அங்கிருந்து எப்படி மீண்டார்? 3-3 ஜோடியை வைத்து ஜெஃப் ஷுல்மனின் ஜாக்கி ஜோடியை ஒரு முறை, 2-2 ஜோடியை வைத்து அந்துவான் சாவூவின் ராணி ஜோடியை ஒரு முறை வென்றார். சின்ன ஜோடி பெரிய ஜோடியை ஜெயிக்க ஐந்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. 2014ல் மார்ட்டின் ஜேக்கப்சன் ஒன்பது பேரில் எட்டாவது ஸ்டாக்கோடு வந்து, ஏழு சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒரு கோடி டாலரை வாங்கிப் போனார். இவர் ஜெயித்தது வெறும் சீட்டு அதிர்ஷ்டம் என்று அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர் யாரும் சொல்ல மாட்டார்கள். திறமையை ஒதுக்கிவிட்டு எழுதும் எந்த விதியும் பாதிக் கிணறுதான்.

கணக்குப்பிள்ளை:

ஒத்துக்கொள்கிறேன். திறமைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இருவர் மட்டும் ஆடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு பந்தயம். நல்ல ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு சுற்றையும் ஜெயிக்க 51 சதவீதம், மற்றவருக்கு 49. கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். இருவரிடமும் பத்துப் பத்துப் பந்தயத்துக்கான சிப்ஸ் இருந்தால் நல்லவர் ஜெயிக்கும் வாய்ப்பு 60 சதவீதம். அதே இருவரிடமும் ஐம்பது ஐம்பது பந்தயம் இருந்தால்? 88 சதவீதம்.

ஸ்டாக் விகிதம் இரண்டு இடத்திலும் சமம்தான், பாதிக்குப் பாதி. மாறியது ஆழம் மட்டும். ஆழம் இருந்தால் திறமைக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. நல்லவரிடம் பத்து, எதிராளியிடம் முப்பது என்று வைத்துப் பாருங்கள். பங்குப்படி 25 சதவீதம். அந்த ஒரு சதவீதச் சாய்வு அதை 41க்குக் கொண்டுபோகிறது.

அதனால்தான் "என்னிடம் சராசரி ஸ்டாக் இருக்கிறது" என்ற பேச்சு மட்டும் போதாது. ஒவ்வொரு கையிலும் சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்ட வேண்டிய கட்டாயப் பந்தயம்தான் பிளைண்ட்; ஒன்று சின்னது, ஒன்று பெரியது. உங்கள் ஸ்டாக்கில் எத்தனை "பெரிய பிளைண்ட்" அடங்கும் என்பதுதான் கேள்வி. 20,000 சிப்ஸ் இருக்கிறது, பிளைண்ட் 500/1,000, ஆன்ட்டி (அதற்கு மேல் கட்டும் கட்டாயத் தொகை) 1,000 என்றால் உங்களிடம் 20 பெரிய பிளைண்ட். மேசையை முறை ஒரு தடவை சுற்றி வர 2,500 செலவு, எட்டுச் சுற்று தாங்கும். இந்தச் சுற்றுக் கணக்கைத்தான் போக்கர் ஆட்டக்காரர் பால் மேக்ரியலின் பெயரால் "எம்" என்கிறார்கள். இன்னொரு ஆட்டக்காரரான டான் ஹாரிங்டன் அதைப் பரவலாக்கினார். எம் பத்துக்குக் கீழே வந்துவிட்டால் ஃப்ளாப், டர்ன் என்று மேசையில் கட்டம் கட்டமாக விரியும் பொதுச் சீட்டுகளைப் பார்த்து நிதானமாக ஆடும் வசதி பெரும்பாலும் போய்விடும். ஐந்துக்குக் கீழே ஒன்று ஆல் இன், இல்லாவிட்டால் மடக்கு (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது). உங்கள் திறமையில் முக்கால்வாசியைப் பயன்படுத்தவே இடம் இருக்காது.

சேலத்தான்:

நன்றி, இது நன்றாகப் புரிந்தது. அப்படியானால் பரிசைப் பிரிப்பதிலும் 5,000க்கு 50 சதவீதம், 3,000க்கு 30, 2,000க்கு 20 என்று பிரித்துவிடலாம்தானே?

மேசைமூன்று:

கூடாது சேலத்தான். உங்கள் உதாரணத்தையே பாருங்கள். விகிதப்படி பிரித்தால் பெரிய ஸ்டாக்குக்கு 5,000 டாலர். அது முழு முதல் பரிசு. அவர் இன்னும் ஜெயிக்கவே இல்லை, பாதி வாய்ப்புத்தான் இருக்கிறது. கடைசி ஆளுக்கு 2,000. அதை அவர் இப்போதே தோற்றாலும் கொடுப்பார்கள். பிரிப்பதால் அவருக்குக் காலணா லாபம் இல்லை. இந்தப் பிரிப்புக்கு அவர் ஏன் தலையாட்ட வேண்டும்?

பட்டம் வெல்லும் வாய்ப்பு வேறு, பணத்தில் பங்கு வேறு. முதல் இடத்துக்கு மட்டும் பரிசு என்றால் இரண்டும் ஒன்று. இரண்டாம், மூன்றாம் இடத்துக்கும் காசு உண்டு என்ற நொடியில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. சிப்ஸைப் பணமாக மதிப்பிட ஐசிஎம் (Independent Chip Model) என்ற கணக்கு இதற்குத்தான். குதிரைப் பந்தயத்தில் இரண்டாவது, மூன்றாவதாக வரும் வாய்ப்பைக் கணிக்க டேவிட் ஹார்வில் 1973ல் ஒரு முறை தந்தார். மேசன் மால்முத் 1980களில் அதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார். முறை எளிது: முதல் இடத்துக்குச் சிப்ஸ் பங்கு. ஒருவர் முதலிடம் வாங்கிவிட்டதாக வைத்து அவரை எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களின் சிப்ஸ் விகிதத்தில் இரண்டாம் இடம். அப்படியே கீழே வர வேண்டும்.

உங்கள் மூவருக்கும் போட்டுப் பார்த்தேன். 5,000 சிப்ஸ்காரருக்கு 3,839 டாலர். 3,000 சிப்ஸ்காரருக்கு 3,275. 2,000 சிப்ஸ்காரருக்கு 2,886. சிப்ஸில் பாதி வைத்திருப்பவருக்குப் பணத்தில் 38 சதவீதம்தான். ஐந்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு 29 சதவீதம். சிப்ஸ் குறையக் குறைய ஒவ்வொரு சிப்பின் மதிப்பும் ஏறுகிறது.

மேசைமூன்று:

முந்தைய பதிவின் தொடர்ச்சி. வர்ணனையாளர்கள் "நசுக்குவது" என்று சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. அதே மூவர். பெரியவர் (5,000) ஆல் இன் தள்ளுகிறார், நடுவில் இருப்பவர் (3,000) கால் செய்வதா, அதாவது அதற்கு ஈடாகத் தன் சிப்ஸை வைத்து மோதுவதா என்று யோசிக்கிறார். பிளைண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

3,000காரர் ஜெயித்தால் அவர் நிலை 4,100 டாலர் பெறும். தோற்றால் மூன்றாம் பரிசு 2,000. இப்போது இருப்பது 3,275. கால் செய்து நஷ்டப்படாமல் இருக்க அவருக்கு 61 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். அதே மோதலில் பெரியவருக்கு 54 போதும். மோதலே ஒன்றுதான், ஆனால் ஒருவருக்கு 54, மற்றவருக்கு 61. அந்த இடைவெளிதான் பெரியவர் கையில் இருக்கும் ஆயுதம். 3,000காரர் கால் செய்ய முடியாது என்பது தெரிந்து அவர் சுமாரான சீட்டிலும் தள்ளலாம்.

ஆல் இன் போடுவது 2,000 சிப்ஸ்காரராக இருந்தால் 3,000காரருக்கு 53 போதும். ஏனென்றால் தோற்றாலும் 1,000 மிஞ்சும், வெளியேற மாட்டார். உங்களை வெளியேற்றக்கூடிய ஸ்டாக்கிடம் ஜாக்கிரதை, வெளியேற்ற முடியாத ஸ்டாக்கிடம் துணிச்சல்.

இன்னும் ஒன்று. பெரியவரும் 3,000காரரும் சரிபாதி வாய்ப்பில் மோதினால் சராசரியாகப் பெரியவருக்கு 64 டாலர் நஷ்டம், 3,000காரருக்கு 225 நஷ்டம். அந்த 289ம் எங்கே போகிறது? சீட்டையே தொடாமல் உட்கார்ந்திருக்கும் 2,000 சிப்ஸ்காரருக்கு.

ஒற்றைச்சிப்:

61 சதவீதமா? ராணி ஜோடியும் ஏஸ்-ராஜாவும் மோதினால் ராணி ஜோடிக்கு 57 வாக்கில்தான். அப்படியென்றால் மூன்று பேர் மேசையில் ராணி ஜோடியை மடக்கச் சொல்கிறீர்களா? பத்துத் தொடர் ஆடினாலும் எனக்குக் கை வராது.

மேசைமூன்று:

அவர் ஏஸ்-ராஜாவைத் திருப்பிக் காட்டிவிட்டுத் தள்ளினால், ஆமாம், இந்த எண்களின்படி மடக்க வேண்டும். ஆனால் யாரும் காட்டிவிட்டுத் தள்ளுவதில்லை. பெரிய ஸ்டாக் எதை வேண்டுமானாலும் வைத்துத் தள்ளும் நேரத்தில், எந்த இரண்டு சீட்டுக்கும் எதிராக ராணி ஜோடிக்கு 80 சதவீதம். தாராளமாகக் கால் செய்யுங்கள். நீங்கள் மடக்க வேண்டியது ஏஸ்-ஒன்பது, ராஜா-ஜாக்கி, 4-4 ஜோடி மாதிரி "பார்க்க நல்லா இருக்கே" என்று தோன்றும் சீட்டுகளை. பணம் போவது அங்கேதான்.

துறையூர்க்காரி:

ஐசிஎம் கணக்கிலும் ஓட்டை உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திறமை அதில் இல்லை. அடுத்த கையில் யாருக்குப் பெரிய பிளைண்ட் விழும் என்பதும் இல்லை. மூன்று பெரிய பிளைண்ட் மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்து பிளைண்ட் கட்டப் போகிறவருக்கும் இப்போதுதான் கட்டி முடித்தவருக்கும் அது ஒரே விலை போடும். அப்புறம், பெரிய ஸ்டாக் அடுத்தடுத்த கைகளில் மிரட்டி ஈட்டப் போவதையும் அது பார்க்காது. அதனால் சிப் லீடர் "எனக்கு 3,839 போதாது, மேலே கொடு" என்று பேரம் பேசுவதில் தப்பே இல்லை.

நடைமுறையில் இன்னொரு பிரிப்பும் உண்டு. மூவருக்கும் உறுதியான 2,000ஐ முதலில் ஒதுக்கிவிட்டு, மீதி 4,000ஐ மட்டும் சிப்ஸ் விகிதத்தில் பிரிப்பார்கள். அப்போது 4,000, 3,200, 2,800 வரும். ஐசிஎம்முக்குப் பக்கத்தில்தான், ஆனால் பெரியவர் பக்கம் சாய்ந்தது. நீங்கள் சின்ன ஸ்டாக் என்றால் எந்த முறையில் பிரிக்கிறார்கள் என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

மட்டுறுத்துநர்:

நல்ல விவாதம், தொடருங்கள். ஒரு நினைவூட்டல்: 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் இணையத்தில் காசு வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. தளங்களின் இணைப்பு, அழைப்புக் குறியீடு எதையும் இங்கே போட வேண்டாம். கணக்கையும் ஆட்டத்தையும் பேசுவதற்குத் தடை இல்லை.

நெய்தல்:

மேசைமூன்றுக்கு ஒரு கேள்வி. பெரிய தொடருக்கான நுழைவுச் சீட்டையே பரிசாகத் தரும் சாட்டிலைட் ஆட்டங்களில் ஏஸ் ஜோடியையே மடக்க வேண்டி வரும் என்று கேள்விப்பட்டேன். மிகைப்படுத்தல்தானே?

மேசைமூன்று:

மிகை இல்லை. சாட்டிலைட்டில் முதலிடம் என்று எதுவும் கிடையாது. கடைசி மூவருக்கும் ஆளுக்கு ஒரு நுழைவுச் சீட்டு என்றால் பெரிய ஸ்டாக்கோடு முடிப்பதற்குத் தனிப் பரிசு இல்லை. 2003ல் கிறிஸ் மணிமேக்கர் முக்கிய ஆட்டத்துக்குள் வந்ததே இணைய சாட்டிலைட் வழியாகத்தான். 839 பேர் ஆடிய அந்தத் தொடரை ஜெயித்து 25 லட்சம் டாலர் வாங்கினார். உள்ளே நுழையும் வரைதான் சாட்டிலைட் கணக்கு. நுழைந்த பிறகு ஆட்டமே வேறு.

நாலு பேர் மிச்சம், மூன்று நுழைவுச் சீட்டு. உங்களிடம் 5,000. எதிரே இன்னொருவரிடம் 5,000. மற்ற இருவரிடமும் 500, 500. பிளைண்ட் 200/400. எதிரே உள்ள 5,000காரர் ஆல் இன் தள்ளுகிறார், உங்கள் கையில் ஏஸ் ஜோடி. அவர் கண்ணை மூடிக்கொண்டு எதை வைத்துத் தள்ளியிருந்தாலும் உங்களுக்கு 85 சதவீதம். கால் செய்தால் நூறில் 85 முறை நுழைவுச் சீட்டு கிடைக்கும், 15 முறை வீட்டுக்குப் போவீர்கள். மடக்கினால்? ஐசிஎம் போட்டுப் பார்த்தேன், 98.7 சதவீதம். ஏஸ் ஜோடியை மடக்குவதால் உங்கள் வாய்ப்பு 13 புள்ளிக்கு மேல் கூடுகிறது.

ஒற்றைச்சிப்:

அந்த 500 வைத்திருப்பவர் நானாக இருந்தால்?

மேசைமூன்று:

பெரிய பிளைண்ட் உங்களுக்கு வரும்போது 400 கட்டியாக வேண்டும், மீதி 100. அதற்கு முன் பக்கத்து 500காரருக்கு பிளைண்ட் விழுமா என்று பாருங்கள். அவருக்கு முதலில் விழும் என்றால் நல்ல சீட்டு வந்தால் ஒழியத் தொடாதீர்கள், அவர் முதலில் மோதட்டும். உங்களுக்குத்தான் முதலில் என்றால் அதுவரை வரும் சீட்டுகளில் ஏதாவது ஏஸ், ஏதாவது ஜோடி, சுமாரான ராஜா வந்தாலும் தள்ளிவிடுங்கள். 500 தள்ளும்போது பிளைண்ட் 600 மேசையில் இருக்கிறது; பெரிய பிளைண்ட் மட்டும் கால் செய்து நீங்கள் ஜெயித்தால் 1,200, எல்லோரும் மடக்கிவிட்டால் 1,100. எப்படி ஆனாலும் அடுத்த சுற்றில் பிளைண்ட் கட்டி நெருக்கடிக்கு ஆளாவது மற்ற 500காரர்தான்.